கொக்கியில் இல்லாத ஸ்டியரிங்

என் வீட்டுக்காரரை அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'பந்தயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயம் வந்தாச்சா, பந்தயத்தை நாலாவது மாடிக்கு அனுப்பு, பந்தயம் சாப்பிடப் போயிருக்கார். அவருக்கு அதில் பெருமை தாங்காது. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக அதே வேலை. நல்ல மனிதர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், எந்த வீட்டு லிஃப்ட் நின்றாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், கோபம் இல்லாத நாட்களில். இன்றைக்கு அப்படிப்பட்ட நாள் இல்லை.

முன்பு எங்களிடம் ஒரு சாதாரணக் கார் இருந்தது. நாலு கதவு, அஞ்சு பேர் உட்காரலாம், யார் கண்ணையும் உறுத்தாது. நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு போனவர் வேறொன்றை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அது பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த கார். சாலையிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று யாரோ ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏசி கிடையாது. பாட்டுப் பெட்டி கிடையாது. தரையில் விரிப்பு கிடையாது, சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் அடித்தகட்டில் பட்டு டங் டங் என்று காலுக்குக் கீழே கேட்கும். கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு துணிப்பட்டி. கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கூண்டு. அந்தக் கூண்டின் குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலை வைத்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பின்னாடி சீட் எங்கங்க?"

"எடை குறையணும்ல, அதான் எடுத்துட்டாங்க."

"அப்ப நம்ம பொண்ணு?"

"அவ என்ன எடை இருக்கப் போறா" என்றார். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவர் மண்டையில் ஏறவில்லை.

இந்தக் காரை அவர் பந்தயத் தளத்துக்கு வருடத்தில் இரண்டு முறை கொண்டுபோவார். மீதி நாளெல்லாம் அது வெங்காயம் வாங்கப் போகும். என் அக்கா வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போக வேண்டுமென்றால் இரண்டு நடை. முதலில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருவார், அதற்குள் அக்கா வீட்டில் சாப்பாடு ஆறிப்போய்விடும். முட்டை வாங்கினால் தட்டை வழி முழுக்க மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படியும் இரண்டு உடையும். ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு.

வேகத்தடைகள் தனிக் கதை. காரின் முன்பக்கம் தரையை ஒட்டி இருப்பதால் நேராக ஏறினால் உரசும். நகரத்தில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடையும் அவருக்குத் தெரியும். நேராக ஏறலாம், சாய்த்து ஏறலாம், ஏறவே கூடாது என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். கடைத்தெரு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நடுவில் ஏறவே கூடாதது ஒன்று இருப்பதால் நாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போவார். நான் நடந்து போய் வாங்கிக்கொண்டு வந்து சமையலைத் தொடங்கியிருப்பேன், அப்போதுதான் அந்த உறுமல் கேட்கும். கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். காலையில் கார் கிளம்பும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து கேட்பார்.

"பால் வாங்கவா போறீங்க, இல்ல யார் மேலயாவது படையெடுத்துப் போறீங்களா?"

இவர் சிரித்துக்கொண்டே கையசைப்பார். வெட்கம் என்ற ஒன்று இருக்கிறவர் அந்த ஜன்னலைத் தாண்டவே யோசிப்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். சொன்னார்: "நாள் முழுக்க மேலயும் கீழயும் போயிட்டு வர்றேம்மா. சாயங்காலம் பாத்தா எங்கயும் போய்ச் சேரல." அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது என் தவறு. சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலிச் சாலையில், "நீ ஓட்டிப் பாரு" என்று என்னை உட்கார வைத்தார். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டினேன். மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடம் எனக்கு வேலை, வீடு, வாடகை, மகள் எதுவுமே ஞாபகத்தில் இல்லை. இறங்கும்போது முகம் தானாகச் சிரித்தது. அவரிடம் மட்டும் "ஒண்ணும் பெருசா இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அடிக்கடி ஓட்டினேன். நெரிசலில் அவரைவிட நான் நன்றாக ஓட்டுவேன். இதை இங்கே மறைத்தால் நான் யோக்கியமில்லை.

இனி ஸ்டியரிங் விஷயம்.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை இறங்குகிறவரே தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே யாராவது தெரியாமல் லிஃப்டை ஓட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் கதை முடிந்தது. வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து அவர் இதைக் கேட்பார்: வேலை முடியற வரைக்கும் சாவி யார்கிட்ட இருக்கணும்? உள்ள இறங்கினவங்ககிட்ட. வீட்டில் சாப்பிடும்போதுகூட இந்தப் பாடம் நடக்கும். என் மகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் இது மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்தக் காரில் ஸ்டியரிங்கைக் கழற்ற முடியும். பின்னால் இருக்கும் வளையத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். அது இல்லாமல் காரை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. ஆகவே எங்கே நிறுத்தினாலும் பூட்டிச் சாவி எடுக்கிற மாதிரியே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். வேலை செய்யும் இடத்தில் அது அவர் கருவிப் பையில் இருக்கும். வீட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்தில், குடை மாட்டும் கொக்கியில் தொங்கும். ஒருமுறை பல் டாக்டரிடம் மடியில் ஸ்டியரிங்கோடு உட்கார்ந்திருந்தார். "மீதி வண்டி எங்க சார்?" என்று நர்ஸ் கேட்டதை இன்றும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எட்டு வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், அடுத்த ஆறு மாதம் இருக்கலாம். நரம்பு கிடைக்காத கை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தருவதும் நான்தான். ஆனால் விடுப்பு கிடையாது, காய்ச்சல் வந்தால் பயம். நிரந்தரம் ஆவதற்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். போன தடவை மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் போக முடியவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று நாலு மாதம் ராத்திரி பகலாகப் படித்தேன்.

தேர்வு நகரத்தின் மறுகோடியில், பஸ் போகாத தொழிற்பேட்டையில். ஒன்பது மணிக்குத் தொடக்கம், எட்டே முக்காலுக்குக் கதவை மூடிவிடுவார்கள். "நானே கொண்டுபோய் விடறேன்" என்று இவர் சொல்லியிருந்தார்.

அன்று விடியற்காலை அவருக்கு போன் வந்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்க வந்த இரண்டு பெண்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டார்களாம். கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. அரைத் தூக்கத்தில் இருந்த என் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"காரை உனக்கு விட்டுட்டுப் போறேன். சாவி மேசை மேல இருக்கு. அவசரப்படாம ஓட்டிட்டுப் போ. நீ நல்லா பண்ணுவ."

ஏழரைக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது பார்த்தால் கொக்கியில் ஸ்டியரிங் இல்லை. எனக்காகக் காரிலேயே மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரில் முதுகை உள்பக்கம் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கம்பியைத் தாண்டி உள்ளே இழுத்து, குனிந்த தலையை நிமிர்த்தினால்தான் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். நிமிர்ந்தேன். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தண்டு என் நெஞ்சைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

சீட்டுக்கு அடியில் தேடினேன். மாடிக்கு ஓடிக் கதவுக்குப் பின்னால், பீரோ மேல், கட்டிலுக்கு அடியில் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது அது எங்கே இருக்கிறது என்று. எட்டு முறை போன் செய்தேன். குழிக்குள் சிக்னல் கிடைக்காது. கம்பெனி அலுவலகத்துக்குப் போட்டேன். "பந்தயம் உள்ள இறங்கியிருக்காருங்க, மேல வந்ததும் சொல்றேன்" என்றார்கள். அந்தப் பெயரை அந்த நேரத்தில் கேட்டதும் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

கணக்கு வாத்தியார்தான் தெருமுனைவரை போய் ஒரு வாடகைக் காரை நிறுத்தினார். திங்கட்கிழமை நெரிசல். ஓட்டுநர் நிதானமானவர், ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று ஏறி இறங்கினார். எட்டு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"கதவு மூடியாச்சும்மா" என்றார் காவலாளி.

"பதிமூணு நிமிஷம்தாங்க. கார்ல ஸ்டியரிங் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார், நான் வந்திறங்கிய காரைப் பார்த்தார், அதன் ஸ்டியரிங்கையும் பார்த்தார். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார், இரக்கமாக. அந்த இரக்கத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஒன்பதரைக்கு இவர் போன் செய்தார். இரண்டு பெண்களையும் வெளியே எடுத்தாயிற்று என்ற சந்தோஷம் குரலில் இருந்தது.

"என்னம்மா, முடிஞ்சுதா? நல்லா பண்ணினியா?"

"ஸ்டியரிங் எங்க?"

மறுமுனையில் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

"உன் பையில இருக்கா?" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவரை 'நீ' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வந்து ஸ்டியரிங்கை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். சாப்பிடவில்லை. சாப்பிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

"கை தானா எடுத்துருச்சும்மா" என்றார்.

"சாவிய மட்டும் அந்தக் கை எப்படி மறக்காம வெச்சுட்டுப் போச்சு? யாரோ ரெண்டு பேர் நாலு மணி நேரம் மாட்டிக்கிட்டா ஓடறீங்க. நான் எட்டு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன்."

மகள் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டியரிங்கை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதன் பிறகு தினமும் அது என்னோடுதான் வருகிறது. பரிசோதனைக் கூடத்தில் என் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நான் ஊசி பிடிக்கச் சொல்லித் தந்த பெண் அந்தத் தேர்வில் தேறி நிரந்தரம் ஆகிவிட்டாள். "அக்கா, இது எதுக்கு அக்கா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான், அவளிடம் எனக்குக் கோபமில்லை. என் ஆறு மாதத் தாளை இப்போது அவள்தான் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறாள்.

இவர் பஸ்ஸில் போகிறார். கார் கீழே தூசி படிந்து நிற்கிறது. கணக்கு வாத்தியார் காலையில் ஜன்னலைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுகிறார்.

இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும் நேரத்தில் வாசலில் வந்து நின்றார்.

"காரைக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றாரு. நாலு கதவு வண்டி ஒண்ணும் பாத்து வெச்சிருக்கேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஸ்டியரிங் வேணும்மா. அது இல்லாம எப்படிக் குடுக்கறது?"

அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. நாலு வருடமாக நான் கேட்டதைத்தான் இப்போது செய்கிறார். ஆனால் காரை விற்றுவிட்டால் அந்தத் திங்கட்கிழமையும் அதோடு போய்விடும் என்று நினைக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. அப்போது எனக்கு வயது வரம்பைத் தாண்ட மூன்று மாதம்தான் மிச்சம் இருக்கும். அந்த நாளில் நானே ஓட்டிக்கொண்டு போவேன். எந்தக் கார் என்பதை நான் முடிவு செய்வேன்.

"வேலை முடியற வரைக்கும் சாவி யார்கிட்ட இருக்கணும்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருடப் பழக்கம், வாய் தானாகப் பதில் சொன்னது.

"உள்ள இறங்கினவங்ககிட்ட."

"நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினேன்.