செய்மதி வரும் நாளில் பெருநாள்

கள ஆய்வைத் திட்டமிடுவது, நம் கையில் இல்லாதவற்றுக்கு நாள் குறிக்கும் தொழில். என்னைப்போல் அதில் அல்லற்படும் வாசகர்கள் முதலில் அறியவேண்டியவை இவை: கல்முனைக்கு மேற்கே, உலர்ந்த பற்றைக்காட்டில், கோடை மண் எவ்வளவு ஈரத்தைக் காக்கிறது என்று ஆராய்கிறோம். செய்மதி விண்ணிலிருந்து அவ்விடத்தைப் படமெடுக்கும் அதே முற்பகலில் நாங்களும் மண்ணை அளக்கவேண்டும். எங்களுக்கென ஒதுக்கப்பட்ட படம் ஒன்றே. அது தவறினால், ஆய்வு மாணவியான திருக்கோவில் ஊர்க்காரி சுகந்திக்கு ஓராண்டு வீண்.

நாள் குறித்தல்

அச்சிட்ட நாட்காட்டியின்படி, ஹஜ்ஜுப் பெருநாள் செய்மதி வருவதற்கு முதல் நாள். பெருநாளைக் கொண்டாடிவிட்டு மறுநாள் புறப்படலாம் என்று நிம்மதியாகத் திட்டமிட்டேன். முஸ்லிம் வீட்டில் பிறந்த நான் மறந்ததை எங்கள் ஜீப் சாரதி கலீல் காக்கா மறக்கவில்லை. பிறை தெரியுமுன் எந்த நாளுக்கும் இணங்க மறுத்தார்.

"கலண்டர் அடிக்கிற ஆக்களா மிஸ் பிறை பாக்கிற?"

அறிவிப்பு

பெருநாளுக்குப் பத்துநாள் இருக்கையில், துல்ஹஜ் மாதத் தலைப்பிறை நாட்டில் எங்கும் தென்படவில்லை என்று வானொலி அறிவித்தது. பெருநாள் ஒருநாள் தள்ளிப்போய், செய்மதி வரும் நாளிலேயே வந்து நின்றது. ஜீப் ஓட்டுபவரும் மண் அகழ்பவர்களும் அன்று பெருநாள் கொண்டாடுபவர்கள். சுகந்திக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அந்தச் செய்மதிய ஒருநாள் பிந்தி வரச்சொல்ல ஏலாதா அக்கா?"

கலீல் காக்கா வீட்டில்

பெருநாளன்று வரும்படி எவரையும் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் சென்றேன், சுகந்தியின் நிலையை மட்டும் சொன்னேன். அன்று கலீல் காக்காவின் மகள் குடும்பம் விருந்துக்கு வருவதாக இருந்தது. அவரோ, குர்பான் பலியை அடுத்த நாட்களிலும் கொடுக்கலாம், தொழுகையை மட்டும் விடமுடியாது என்றார். மண் அகழ்பவர்களை அழைக்காமல், திடலில் தொழுதுவிட்டு அங்கிருந்தே புறப்பட்டு அவரே அகழ்வது என்று முடிவாயிற்று. அவர் மனைவி தேநீரை என்முன் வைத்தார்.

"பெருநாள் உடுப்போட மண் கிண்டப் போறாராம். கறியையும் காட்டுக்கே கொண்டுவரவா மிஸ்?"

பற்றைக்காட்டில்

புதுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கலீல் காக்கா அகழ்ந்தார், சுகந்தி ஈரமானியைச் செருகி அளவுகளைச் சொன்னாள், நான் குறித்தேன். நேரமாயிற்று, செய்மதி இப்போது தலைக்குமேல் கடக்கிறது என்றேன். மூவரும் அண்ணாந்தோம். வெறும் வானம்.

"பிறைக்கெண்டாலும் சாட்சி கேப்பாங்க. இதக் கண்டதுக்குச் சாட்சி ஆரு மிஸ்?"

பின்னர் உறுதியானவை: படம் முகிலின்றி வந்தது, சுகந்தியின் ஆண்டு தப்பியது, குர்பான் மறுநாள் நிறைவேறியது, கலீல் காக்காவின் மகள் குடும்பம் அதற்குள் தன் ஊருக்குத் திரும்பிவிட்டது. நிலத்தின் வறட்சியை அளக்கப் புறப்படுபவர் முதலில் பலருடைய பெருநாளை அளந்துபார்க்க வேண்டியிருக்கிறது; அதற்குரிய கருவியை இன்னும் எவரும் செய்யவில்லை.