நெட்டையின் உயரத்தில் நின்ற ஸ்டீயரிங்

சின்னக்காவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். அவள் புருஷன் ஆறடி மூன்று. தெருவில் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான். இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய பள்ளி வேன் இருந்தது. அதன் ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்க அடியில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. பன்னிரண்டு வருஷமாக அது அசையவில்லை. ஸ்டீயரிங் நெட்டையின் உயரத்தில் நின்றது நின்றதுதான்.

அசைக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் எது இறுகினாலும் சமையல் எண்ணெய்தான் மருந்து. கதவுக் கீல், தையல் மிஷின், பூட்டு, நெட்டையின் முழங்கால், எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். ஞாயிறுதோறும் ஸ்டீயரிங்குக்கும் ஒரு கரண்டி ஊற்றுவான். வெயில் ஏறினால் வேனுக்குள் எதையோ பொரிக்கிற வாசனை வரும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேருமுன்பே சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிடுவார்கள். எறும்புகள் தினமும் இரண்டு நடை போய்வந்தன.

மூன்று வாரத்துக்கு முன்பு நெட்டை ஏணியிலிருந்து விழுந்தான். காலில் மாவுக்கட்டோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பள்ளி அந்த மூன்று வாரமும் பொறுத்தது. திங்கட்கிழமை காலை பள்ளியின் போக்குவரத்து அதிகாரி முன்னால் சின்னக்கா ஓட்டிக்காட்ட வேண்டும்; தவறினால் அந்தப் பிழைப்பு வேறு வேனுக்குப் போய்விடும். லைசென்ஸ் இருந்தது. அவசர ஆத்திரத்துக்கு ஓட்டியும் இருக்கிறாள், இரண்டு தலையணை மேல் உட்கார்ந்து. தலையணை இருந்தால் சாலை தெரியும், பிரேக் கட்டைவிரல் நுனிக்குத்தான் எட்டும். எடுத்துவிட்டால் பிரேக் எட்டும், ஸ்டீயரிங் வளையத்தின் ஓட்டை வழியாகத்தான் உலகம் தெரியும். பள்ளியின் விதியோ, ஓட்டுநர் தலையணை வைக்கவே கூடாது என்றது.

ஞாயிறு மதியம் மெக்கானிக் கொழுந்தன் வந்தான். ஸ்டீயரிங் தண்டுக்கு அடியிலிருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை எடுத்து, முகர்ந்து பார்த்தான்.

"அண்ணி, இதை ரிப்பேர் பண்ணணுமா, தட்டுல வச்சுப் பரிமாறணுமா?"

"கிண்டலெல்லாம் அப்புறம். அசையுமா, அசையாதா?"

"எண்ணெய் காஞ்சு கோந்தாயிடுச்சு. கூடவே துரு. இந்தத் தகடுங்கதான் தண்டை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெயே படக்கூடாத இடம். அண்ணன் அதைத்தான் குளிப்பாட்டியிருக்காரு."

அவன் தோள் அந்தச் சந்தில் நுழையவில்லை. நுழையக்கூடிய ஆள் வீட்டில் ஒருத்திதான். சின்னக்கா தலையை பெடல்களுக்கு நடுவில் வைத்து, கால்களை சீட்டின் முதுகில் தூக்கிப் போட்டு, தலைகீழாகப் படுத்தாள். கொழுந்தன் மண்ணெண்ணெயில் நனைத்த கம்பி பிரஷ்ஷை நீட்டினான்.

"தேய்ங்க அண்ணி."

"தேய்க்காதே! இன்னொரு கரண்டி எண்ணெய் விடு!" என்று ஜன்னலிலிருந்து நெட்டை கத்தினான். "இல்லாட்டி சுத்தியலால ஒண்ணு போடுடா!"

"சுத்தியல் பட்டா தண்டு கோணிக்கும் அண்ணா. அப்புறம் கடைக்குக் கிளம்புனா ஆஸ்பத்திரில போய் நிப்பீங்க."

"அப்படின்னா என் உயரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கோ! பன்னண்டு வருஷமா இருந்த இடம்!"

"இது என்ன எல்லைத் தகராறா?" கீழிருந்து சின்னக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. துரு என் வாயில விழுது."

மூன்று மணி நேரம் தேய்த்தாள். எறும்புகள் கழுத்து வழியாகக் குடிபெயர்ந்தன. கடைசியில் கைப்பிடியை இழுத்ததும் பல் பிடுங்கியதுபோல ஒரு சத்தம். ஸ்டீயரிங் தடாலென்று இறங்கி அவள் முழங்காலில் இடித்தது. வலியில் அலறினாள், சந்தோஷத்திலும் அலறினாள். ஜன்னலில் இருந்தவனுக்கு எது எதுவென்று புரியவில்லை. தகடுகளைத் துணியால் காயத் துடைத்தாள். தண்டு திரும்புகிற ஆணிக்கு மட்டும் பொட்டளவு கிரீஸ் வைத்தாள். கைப்பிடியின் நட்டை முறுக்கி, கொழுந்தன் தொங்கிப் பார்த்தும் ஸ்டீயரிங் இறங்காதபடி இறுக்கினாள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலுக்கு வந்த அதிகாரி, அவருக்கு முன்னால் அவருடைய வயிறு ஸ்டீயரிங்கிடம் போய்ச் சேரும்படியான உடம்புக்காரர். முதலில் தானே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். சீட் சின்னக்காவுக்காக முன்னால் தள்ளியிருந்தது. மூச்சடக்கி நுழைந்தார்.

"பழைய வண்டி, இறுகித்தான் இருக்கும்," என்றபடி ஸ்டீயரிங்கை ஏற்றுவதற்காகக் கைப்பிடியை முழுப் பலத்தோடு இழுத்தார். ஸ்டீயரிங் வழுக்கி வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. திடுக்கிட்டுக் கையை விட்டார். பூட்டிக்கொண்டது.

"பிடிமானம் பரவாயில்ல," என்றார், அசைய முடியாமல். அவர் கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வயிறு இருந்தது.

இரண்டாம் வகுப்பு முழுதும் வரிசையாக நின்று பார்த்தது. சின்னக்கா மறுபக்கக் கதவு வழியாக ஏறி, பெடல் பக்கமாகத் தலையை விட்டாள்.

"சார், மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இன்னும்."

"இதுக்கு மேல இழுக்க உள்ள இடம் இல்லம்மா!"

கைப்பிடி இறங்கியது. ஸ்டீயரிங் எழுந்தது. அதிகாரி வெளியே வந்து, சட்டையை நீவி, பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

சின்னக்கா தன் உயரத்துக்கு ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டாள். தலையணை இல்லை. பாதம் முழுதாகப் பிரேக்கில் பதிந்தது. வளையத்துக்கு மேலே சாலை, நடைபாதை, குறுக்கே போன பூனை, எல்லாம் தெரிந்தன. மூன்று சுற்று வந்து, வெள்ளைக் கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நடந்தது..."

"நீங்க பிடிமானத்தைச் சோதிச்சீங்க சார்."

தாள் கைக்கு வந்தது.

"நாளைக்கு ஏழரைக்கு முதல் பிள்ளையை ஏத்தணும்," என்றார் அவர். "தாமதம் கூடாது."