செட்டித் தொட்டி

பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கல்யாணக் களைதான். ஒரு வருஷம் மட்டும் எங்கள் வீட்டில் தண்ணீர் வந்த பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லாம் ஒரு கக்கூஸால் வந்தது.

அப்போது ஊரிலேயே கக்கூஸ் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்ற வீட்டுப் பெண்கள் விடியுமுன்னே ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை ஓடைப்பக்கம் போய்வருவார்கள். நடுவில் முட்டிக்கொண்டு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரியகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும், எங்கள் அய்யா கொல்லையில் கக்கூஸ் கட்ட முடிவு செய்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சம்பந்தி வீட்டாரிடம் பீற்றிக்கொள்ளத்தான் கட்டுகிறார் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டிக் கொடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. துரை பங்களாவில் பார்த்ததை அப்படியே இங்கே கட்டிக் காட்டுவதாகச் சொன்னார். "செப்டிக் டேங்க்" என்று அவர் வாய் நிறையச் சொன்னது ஊர் வாயில் நுழையவில்லை. 'செட்டித் தொட்டி' என்று ஆக்கிவிட்டார்கள். எந்தச் செட்டியார் உபயம் என்று அய்யாவிடமே கேட்டவர்களும் உண்டு.

தொட்டியில் கசடு கீழே தங்கும், தண்ணீர் மட்டும் பக்கத்துக் குழிக்குப் போய் மண்ணில் இறங்கிவிடும். அதுதான் அதன் சூட்சுமம். மாமா அந்தக் குழியைக் கொல்லையை ஒட்டிய எங்கள் வயலோரம் வெட்டினார். அது சித்திரை மாதம். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடம் குடமாக ஊற்றிக் காட்டினார்; மண் மடக்மடக்கென்று குடித்தது. மலையில் இருக்கிற துரை பங்களாவுக்குப் பக்கத்தில் நெல்வயல் கிடையாது என்பது அவருக்கும் தோன்றவில்லை, பிறந்ததிலிருந்து சேற்றில் நின்ற அய்யாவுக்கும் தோன்றவில்லை.

வயலில் தண்ணீர் கட்டி நடவு முடிந்தது. பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில் வயல் தண்ணீர் ஊறிக் குழியும் நிரம்பிவிட்டது. ஒரு நாள் காலையில் கக்கூஸ் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் களக் களக்கென்று குமுறிக்கொண்டு மேலே வந்தது. மறுநாள் கொல்லை முழுக்க நாற்றம். அம்மா வாங்கிவந்த பினாயிலை எல்லாம் ஊற்றினாள். மாமா மூங்கில் கழியை விட்டுக் குத்தினார். பிறகு, "தோட்டத்துல அவசர வேல" என்று பஸ் ஏறிவிட்டார். அய்யா கக்கூஸ் கதவைச் சங்கிலி போட்டுக் கட்டினார்.

பிரசவத்துக்கு வந்துவிட்ட அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் இருட்டில் ஓடைக்குப் போக ஆரம்பித்தாள். வழியெல்லாம் வழுக்குகிற வரப்பு. விடிந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலில் ஆள் நடமாட்டம்.

எனக்கோ அது யோகமான காலம். அம்மா வேளை தவறாமல் அக்காவுக்கு மோர், கஞ்சி, இளநீர் என்று கொண்டுவந்து கொடுப்பாள். அம்மா தலை மறைந்ததும் அக்கா செம்பை என் பக்கம் தள்ளுவாள்.

"இந்தாடி, நீ குடிச்சிரு. அம்மாட்டச் சொல்லிறாத."

நான் ஏன் சொல்கிறேன்? மூச்சு விடாமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வேன். கல்யாணமாகிப் போனபிறகு அக்காவுக்கு என்மேல் பாசம் பொங்குகிறது என்று எனக்கு ஒரே பெருமை. அவளுடைய உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தேன்தான். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அக்காவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அடுப்படியில் அப்படியே சரிந்துவிட்டாள். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். அவள் முகம் மாறிவிட்டது.

"ஒடம்புல தண்ணியே இல்லையே தாயி. இப்பிடியே போனா பிள்ள தங்காது. என்னத்தக் குடுக்கிறீக இவளுக்கு?"

"அய்யோ, செம்பு செம்பாக் குடுக்கிறேனே! ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிக்கிறா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணேறுதான் என்று முடிவாகி, மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

அய்யா வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அக்கா செத்துப்போவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உளறிவிட்டேன்: "அக்கா ஒண்ணுமே குடிக்கிறதில்ல அய்யா. எல்லாத்தையும் நான்தான் குடிக்கிறேன்."

முதுகில் விழப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. அய்யா என்னைத் தாண்டிச் சங்கிலி போட்ட கக்கூஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"குடிச்சா வெளிய போகணுமில்ல? பட்டப்பகல்ல அவ எங்கன போவா? அதான் குடிக்காமக் கெடக்கா."

அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அய்யா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போனவர், வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை மண்போட்டு அடைத்தார். மறுபக்கத்து வரப்பை வெட்டி, நின்ற தண்ணீரை எல்லாம் வடிகாலில் திருப்பிவிட்டார். குழியைச் சுற்றி ஆழமாக வாய்க்கால் பறித்தார். அது எங்களுடைய ஒரே நல்ல வயல், இரண்டு போகம் விளைகிற பூமி. வரப்பில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏம்ப்பா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சா? நட்ட பயிருக்குத் தண்ணிய வடிக்கிற?"

"வேர் அழுகுற மாதிரி தெரியுதுய்யா. செத்த நேரங் காயட்டும்" என்றார் அய்யா. உள்ளதை வெளியில் சொல்கிற விஷயமா அது?

பயிர் வெளிறி, நுனி கருகத் தொடங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அய்யா அதே பதிலைச் சொன்னார். அதற்குள் அம்மா கொல்லை மூலையில் ஓலைத் தடுப்பு கட்டி ஒரு சட்டியை வைத்துப் பார்த்தாள். அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. நாள்தோறும் அய்யா குழியில் கம்பை விட்டுப் பார்ப்பார். ஒரு விடியற்காலையில் கம்பு பாதிக்குமேல் காய்ந்து வந்தது. அவரே சங்கிலியை அவிழ்த்து, பீங்கானில் ஒரு குடம் ஊற்றினார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

அன்றைக்கு அம்மா மோர்ச் செம்பைக் கொண்டுவந்தாள். நானும் வழக்கம்போல் அக்கா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். செம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

கோள் சொன்னதற்குத்தான் பழிவாங்குகிறாள் என்று அழுதுகொண்டே ஓடினேன். கருகிய பயிர் ஓரம் அய்யா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தா, யாரு அடிச்சா?"

"அக்கா எனக்கு ஒரு வாய்கூடக் குடுக்கல. எல்லாத்தையும் அவளே குடிச்சிட்டா."

"அம்புட்டையுமா குடிச்சா?"

"ம். இன்னமும் வேணுமாம்."

அய்யா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நான் அழுவது இந்த மனுஷனுக்கு இவ்வளவு வேடிக்கையாகப் போயிற்றா என்று ஆத்திரம் தாங்காமல், அவர் முதுகில் ரெண்டு கையாலும் குத்தினேன்.