வெல்லத்துக்குள் வைத்த மாத்திரை

குதிரையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு, வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. கையை எடுத்த பிறகும் அந்த ஈரமும் குளிர்ச்சியும் விரலிலேயே இருந்தன...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கோயம்புத்தூர் உக்கடம் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்தது அந்த வெள்ளைக் குதிரை. பெயர் முத்து. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிற பெண்குதிரை. மனைவி மைமூனின் நகையை விற்று, முந்தின வருடம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வந்ததாகச் சொன்னார் அதன் சொந்தக்காரர் காதர்.

அது ஆடி மாதம். ஊரில் கல்யாணமே கிடையாது. முத்துவுக்கு வேலையும் இல்லை, கொள்ளும் இல்லை.

"என்னங்க தீனி போடறீங்க?"

"வைக்கோலுங்க. கொஞ்சம் தவுடு. மத்தியானம் குளத்தோரம் கட்டி மேய உடுவேனுங்க. ஆவணி பொறந்தா கொள்ளு வாங்கிப்போடுவேன். இப்பத்திக்கு ஒரு சத்து ஊசி போட்டு உடுங்க டாக்டரம்மா, தேறிக்கும்."

"ஊசியில ரத்தம் ஊறாதுங்க காதர் பாய். தீனியிலதான் ஊறணும்."

முத்துவின் ரத்தத்தையும் லத்தியையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். பயந்தபடியேதான். குடல் முழுக்கப் புழு. சாக்கடை கலந்த குளக்கரைப் புல்லில் இருந்து வந்திருக்க வேண்டும். உள்ளே போகிற கொஞ்சத்தையும் புழு குடித்துக்கொண்டிருந்தது.

புழு மருந்து கொடுத்தேன். குளத்தோரம் மேய விடக் கூடாது என்றேன். வடவள்ளிப் பக்கம் தெரிந்த தோட்டத்தில் குதிரைமசால் தழை கேட்டு வாங்கி, மொபெட்டின் பின்னால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பச்சைத் தழையின் வாசத்துக்கு முத்து காதை முன்னால் நீட்டியது. காதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மைமூனுக்கு அப்போது ஏழாவது மாதம். அந்த வயிற்றோடு குனிந்து, தழையைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போடுவாள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், சுவரைப் பிடித்துக்கொள்வாள். புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் போனபோது லத்தி கறுப்பாக இருந்தது.

உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறதோ...

"வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

காதர் இல்லை என்று தலையாட்டினார். மைமூன்தான் மெதுவாகச் சொன்னாள். "நாந்தானுங்க குடுத்தேன். ஆஸ்பத்திரியில எனக்கு ரத்தம் ஊறக் குடுத்த மாத்திரைங்க. வெல்லத்துக்குள்ள வச்சுக் குடுத்தா தின்னுக்குது."

"நீங்க ஒண்ணு கூடச் சாப்பிடலையா?"

"அது நின்னாத்தானுங்க நாங்க நிப்போம்."

அவளை உட்கார வைத்துக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். முத்துவின் ஈறுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

லத்தியைக் கறுப்பாக்கியது அந்த இரும்பு மாத்திரைதான். குதிரைக்கு இரும்புச்சத்துக் குறைவது அபூர்வம். வைக்கோலிலும் தவிட்டிலுமே அதற்குப் போதுமானது இருக்கும். முத்துவுக்கு வேண்டியது நல்ல தீனியும் புழு இல்லாத குடலும்தான். அதைச் சொன்னேன். "அந்த மாத்திரையால அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைங்க மைமூன்."

அவள் நறுக்கிய தழையைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள்.

அன்றைக்கே அவளைக் காதரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மறுபடி மாத்திரை கொடுத்தார்கள், கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள். அந்த வீட்டில் அப்போது அடுப்பெரிவதே பெரிய விஷயம்.

ஆடி முடிவதற்குள் ஒரு காலையில் முத்து படுத்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கியும் எழுந்திருக்கவில்லை. வாயருகே வைத்த குதிரைமசாலை முகர்ந்து பார்த்தது, தின்னவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு மைமூன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆவணியில் அவளுக்கு நாள் முந்தியே வலி வந்தது. பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் போகிற அளவுதான் ரத்தம் போனதாம். அதைத் தாங்கத்தான் அவள் உடம்பில் மிச்சம் இல்லை. காதர் ரத்தம் தேடி ஆள் கூட்டிக்கொண்டு வருவதற்குள்...

குழந்தையைப் பல்லடத்தில் இருந்து மைமூனின் அக்கா வந்து தூக்கிப் போனாள். காதர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். எங்கே என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்குக் கோயம்புத்தூரைச் சுற்றிக் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. கொட்டகையில் மின்விசிறி ஓடுகிறது, மூட்டை மூட்டையாகச் சத்துத் தீவனம் வந்து இறங்குகிறது. பரிசோதனை முடிவு போனுக்கே வந்துவிடுகிறது. ஒரு குதிரை ஒரு வேளை தீனி குறைத்துத் தின்றால் எனக்குப் போட்டோ அனுப்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாட்டையோ ஆட்டையோ ஓட்டிக்கொண்டு யாராவது ஒரு பெண் வந்தால், முதலில் அவளைத்தான் கேட்கிறேன். "நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா அம்மணி?"

பெரும்பாலும் ஒரு சிரிப்பு வரும். "அதெல்லாம் கெடக்குதுங்க. மொதல்ல இதப் பாருங்க," என்று கயிற்றை என் பக்கம் நீட்டுவார்கள்.