நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு 'மைனஸ் அக்கா' என்று பெயர். நோயாளிகள் ஆராய்ச்சிக்கென்று கொடுத்துவிட்டுப் போன ரத்தமும் திசுத் துண்டுகளும் மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்து கிடக்கும் பெட்டிகளைப் பதினோரு வருடம் காத்தவர். கண்ணாடிக் குப்பி கழுவ வந்தவர்தான், பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஆனால் எந்தக் குழாய் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கணினி யோசித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். விரல் கணுக்களில் குளிர் கடித்த வெடிப்புகள் இன்றும் ஆறவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கீழ்த்தளத்தில் கண்ணாடித் தகடுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். உறைபெட்டி அறைப் பக்கம் போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஏழு வருடமாக.

என் வேலை ஸ்கேனரில். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய திசுவை நாற்பது மடங்கு பெரிதாகப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கும் இயந்திரம் அது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. நேர்காணலில் இயக்குநர் என் விண்ணப்பத்தைப் புரட்டி, அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நின்றார். "கைநாட்டா? அடேங்கப்பா, இந்தக் காலத்துலயுமா!" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டிச் சிரித்தார். நான் முதல் மதிப்பெண் வாங்கியிருந்ததால் வேலை கிடைத்தது. அந்தச் சிரிப்பையும் நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்காவின் கதையை அவர் வாயாலேயே கேட்டேன்.

அவருடைய தம்பிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் அபூர்வ நோய். "எனக்கு உதவாட்டி போகட்டும்க்கா, பின்னால வர்றவனுக்கு உதவும்" என்று இரண்டு குழாய் ரத்தம் கொடுத்தான். அடுத்த வருடம் இறந்துபோனான். அந்த இரண்டு குழாய்களையும் பெட்டியில் வைத்தது அக்காதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தபோது குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. சீட்டுகள் வழுக்கி இறங்கியிருந்தன. எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கின்றன. நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். அக்கா ஓடிப்போய்த் தானே சொன்னார். இயக்குநர் கேட்டது ஒரே கேள்வி.

"வெள்ளிக்கிழமை கடைசியா கதவ மூடினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்னம்மா?"

விசாரணை அவ்வளவுதான். பெட்டிக்குள் வெப்பநிலையை வட்டத்தாளில் பேனா கோடாக இழுக்கும். பெட்டிக்கு மின்சாரம் போனாலும் அந்தப் பேனா தன் பேட்டரியில் ஓடும். அக்கா தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். வெள்ளி இரவு முழுக்கக் கோடு நேராக இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்குத்தான் ஏறத் தொடங்குகிறது. ஞாயிறு மாலைதான் இறங்குகிறது. "பேனா ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார் இயக்குநர். சனிக்கிழமை யாராவது வந்தார்களா என்று அக்கா கேட்டார். "யாரும் வரல. நானே ரெண்டு நாளா வெளியூர்ல கல்யாணத்துல இருந்தேன்."

அன்றைக்கே புது விதி ஒன்றும் போட்டார். கெட்டுப்போன ஒவ்வொரு குழாய்க்கும் தனிப் படிவம். கெடுத்தவர் தன் கையாலேயே முழுக் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தட்டச்சு கூடாது, சுருக்கக் கூடாது, வேறு யாரும் எழுதித் தரக் கூடாது. அக்கா நான்கு நாள் உட்கார்ந்து எழுதினார். 'என் கவனக்குறைவால் கதவு சரியாக மூடப்படாததால் இந்த மாதிரி பாழானது.' நானூற்றுப் பன்னிரண்டு தடவை. தம்பியின் பெயர் இரண்டு படிவங்களில் வந்தது. இயக்குநர் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லா வருதே!" என்பாராம்.

வீட்டில் அம்மா கேட்டார்: "அவனோடதையுமாடி கெடுத்த?" அதற்குப் பிறகு அம்மா அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு வைப்பார், பேச்சு வைக்க மாட்டார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் பழைய படங்களைப் புதுச் சேமிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்கேனர் எடுத்த முதல் படத்தைத் திறந்தால் திசுவே இல்லை. ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. நாற்பது மடங்கு பெருக்கத்தில் உழுத வயல் மாதிரி திரையை நிறைத்தது. யாரோ முத்திரை மையைத் தொட்டுக் கண்ணாடியில் அழுத்தி விளையாடியிருக்கிறார்கள். குப்பை என்று அழிக்கப் போனவன், சிரிக்கட்டுமே என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. மூலையில் இயந்திரம் தானாகப் பதிந்த எழுத்தைப் பார்த்தார். பயனர்: இயக்குநர். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபத்தாறு.

"பட்டதாரி," என்றார், என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த மெஷினப் போட்டா படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"சூடாகணும்க்கா. சரியா பதினாலு நிமிஷம்."

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்த வட்டத்தாள். ஏழு வருடமாகக் கூடவே சுமந்திருக்கிறார். அதே தேதி, ஒன்பது பன்னிரண்டு.

ஸ்கேனர் வந்த புதிதில் உறைபெட்டி அறையில்தான் இருந்தது. அந்த அறையில் மின்சாரம் போகாத சிவப்பு பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை ஸ்கேனர் திறப்பு விழாவில் விருந்தினர் முன்னால் தடுமாறக் கூடாதென்று மனிதர் சனிக்கிழமை தனியாக வந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். அதிலிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி ஸ்கேனரைச் செருகி, கத்திய அலாரத்தின் வாயையும் அடைத்துவிட்டு, விளையாடிய ஜோரில் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறார். ஞாயிறு மாலை ஞாபகம் வந்து ஓடிவந்து மாட்டியிருக்கிறார்.

"வாங்கக்கா, இப்பவே நிர்வாகக் குழுகிட்ட போவோம்."

"உட்காரு. சூடா குடுத்தா ஊதி ஊதிக் குடிச்சிருவாரு. நம்ம ஆய்வகத்தச் சோதிக்க வெளியிலேர்ந்து ஆளுங்க வர மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் மைனஸ் எண்பதுல கிடக்கட்டும்."

மூன்று மாதமும் அவர் இயக்குநருக்குச் சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்தார். எனக்கே பயமாக இருந்தது.

சோதனைக் குழுவின் தலைவி கறாரான பெண்மணி. கூட்ட அறையில் இயக்குநர் எங்கள் படச் சேமிப்பைப் பற்றி அரைமணி நேரம் அளந்தார். முடித்ததும் அந்த அம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "உங்ககிட்ட இருக்கறதுலயே பழைய படத்தத் திறங்க. இன்னும் திறக்குதான்னு பாக்கணும்."

நான் திறந்தேன். சுவர் முழுக்கக் கட்டைவிரல்.

"இது என்ன திசு?"

"பயிற்சிக்கு யாரோ..." என்று இயக்குநர் இழுத்தார்.

"கைநாட்டு மேடம்," என்றேன். "இந்தக் காலத்துலயும் வைக்கறாங்க." இயக்குநர் என்னைப் பார்த்தார். நேர்காணலில் சிரித்தது அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியாது. எனக்கு வந்தது.

தலைவி மூலையில் இருந்த பெயரையும் நேரத்தையும் படித்தார். அப்போது கடைசி நாற்காலியிலிருந்து எழுந்த அக்கா, வட்டத்தாளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, பதினாலு நிமிடக் கணக்கை நான்கே வாக்கியத்தில் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"சார், அந்தச் சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் தலைவி.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். பிறகுதான், "மறந்துட்டேன்... வேணும்னு செய்யல" என்றார்.

"அப்போ நானூத்திப் பன்னிரண்டு படிவத்துலயும் காரணம் தப்பு. திருத்தணும். உங்க விதிப்படி அத யாரு எழுதணும்?"

விதி அக்காவுக்கு மனப்பாடம். "கெடுத்தவர் தன் கையாலேயே, மேடம். சுருக்கக் கூடாது."

மறுநாள் காலை எழுத்து தொடங்கியது. நிர்வாகக் குழு இயக்குநரை விடுப்பில் போகச் சொல்லியிருந்தது, படிவங்களை முடித்துவிட்டு. அக்காவுக்கு உறைபெட்டி அறைச் சாவி திரும்ப வந்திருந்தது; அதை மேசைமேல் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாக நீட்டினார். முதல் இரண்டும் தம்பியுடையவை. 'நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்ததால் இந்த மாதிரி பாழானது.' அவற்றைப் படமெடுத்துத் தன் மகளின் போனுக்கு அனுப்பி, பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னார்.

முப்பத்தேழாவதில் இயக்குநர் 'மேற்படி காரணம்' என்று எழுதினார். அக்கா அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு வெற்றுப் படிவம் ஒன்றை வைத்தார்.

இரண்டாம் நாள் மதியம் விரலை உதறிக்கொண்டே இயக்குநர் கேட்டார். "ஏம்மா, உனக்கு இன்னும் மனசு ஆறலையா?"

அக்கா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அம்மா. ஏழு வருடத்தில் அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அக்கா அதை ஒலிபெருக்கியில் போட்டார்.

"பேத்தி படிச்சுக் காட்டினா. அந்தாளு கையெழுத்துதானா?"

"ஆமாம்மா."

"எத்தன முடிஞ்சிருக்கு?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"பாக்கி?"

"இருநூத்தி ஒண்ணும்மா."

"விடாத. முடிச்சிட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த படிவத்தை நீட்டினார்.

"எழுதுங்க சார். கையெழுத்து நல்லா வருது."