மிரியம் வீட்டு ஜன்னல்

ஆறு வருடமாகப் போகவேண்டும், போகவேண்டும் என்று தள்ளிப்போட்ட பயணம் இது. தூரம் என்று பார்த்தால் சிரிப்பீர்கள்: கிங்ஸ்பரியிலிருந்து கோல்டர்ஸ் கிறீனுக்கு, ஒரே பஸ். 2007 டிசம்பரில், யூதர்களின் ஹனுக்காப் பண்டிகையின் எட்டாம் மாலையன்று ஒருவழியாகப் புறப்பட்டேன்.

மூன்று பத்துக்கு 183ஆம் இலக்க பஸ். ஒயிஸ்டர் அட்டையில் தொண்ணூறு பென்ஸ். ஓட்டுநர் நம்மவர். என் கையிலிருந்த தோடம்பழப் பையைப் பார்த்து, "அண்ணை, ஆஸ்பத்திரிக்கோ?" என்றார்.

"இல்லைத் தம்பி. முந்தி இருந்த வீட்டுக்கார அம்மாவிட்டைப் போறன். மன்னிப்புக் கேக்கவேணும்."

"ஒரு பை தோடம்பழத்தோடையோ? பெரிய பிழைதான் போலை!"

பெரிய பிழைதான். 2001இல், லண்டன் வந்த புதிதில், மிரியம் என்ற யூதப் பெண்மணியின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஹனுக்கா அவர்களுடைய பெரிய பண்டிகைகளில் சேராது. வேலைக்குப் போகலாம், கடைகளும் திறந்திருக்கும். எருசலேம் கோயிலை மீட்டபோது ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அந்த நினைவில் நாளுக்கு ஒன்று கூட்டி எட்டு மெழுகுதிரி, அவற்றை ஏற்றிவைக்க ஒன்பதாவதாக ஒன்று. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி ஜன்னலில் வைக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். எண்ணெயின் நினைவாகவே பலகாரமெல்லாம் பொரியல். மிரியம் பொரித்துத் தந்த உருளைக்கிழங்கு அடையின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

அந்த வருடமும் எட்டாம் மாலைதான். அவர் குசினியில் அடை பொரித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு மேலே ஹெலிகொப்டர் சத்தம். யாழ்ப்பாணத்தில் அது கேட்டால் முதல் வேலை விளக்கை அணைப்பது. நான் யோசிக்கவே இல்லை. ஒன்பதையும் ஊதி அணைத்துத் திரையை இழுத்து மூடிவிட்டேன். மிரியம் வந்து இருட்டில் நின்றார். விளக்கம் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. வெட்கம் தாங்காமல் அந்தக் கிழமையே வெம்பிளிக்கு அறை மாறினேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு இறங்கி ஏழு நிமிடம் நடந்தேன். கதவைத் திறந்தவர் நன்றாக மெலிந்திருந்தார். "எட்டாம் நாளாகப் பார்த்து வந்திருக்கிறாய்," என்று என் பெயரையும் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எனக்கும் ஹெலிகொப்டர் கேட்டதே," என்றார். "ஆபத்துக் காலத்தில் உள்ளே மேசையில் வைத்தால் போதும் என்று எங்கள் சட்டமே சொல்கிறது. நீ அந்தக் காலத்திலிருந்து வந்தவன். கோபிக்க என்ன இருக்கிறது?"

ஒன்பது மெழுகுதிரியும் நிற்கும் விளக்குத்தண்டை ஜன்னலில் வைக்கும் வேலையை எனக்குத் தந்தார். திரையை விலக்கக் கையை நீட்டினேன். திரையே இல்லை.

"நீ இங்கிருந்து போன அந்தக் கிழமையே கழற்றிவிட்டேன். இந்தப் பக்கம் வந்தால் உனக்கு வெளிச்சம் தெரியட்டும் என்று."

கண் கலங்கிவிட்டது. அவர் கவனிக்காதவர்போல மெழுகுதிரிகளை ஏற்றினார்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டாம் மாலை நாலரைக்கு அங்கே நில்லுங்கள். வெள்ளி மாலை என்றால், அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குவதால், கடைகள் முன்னதாகவே பூட்டிவிடும். யார் வீட்டுக்காவது போனால் சமைத்த சாப்பாடு வேண்டாம், அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு உண்டு, பழம் நல்லது. ஜன்னல்களைத் தெருவில் நின்று தாராளமாகப் பார்க்கலாம், பார்ப்பதற்காகத்தான் வைக்கிறார்கள். நான்தான் ஆறு வருடமாக அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.