பிரசிடெண்ட் மனைவி உடைத்த கல்

எங்கள் பஞ்சாயத்தில் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. பிரசிடெண்ட் தன் பேரிலோ சொந்தக்காரன் பேரிலோ காண்ட்ராக்ட் எடுக்கக் கூடாது, வரவு செலவைக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். எங்கும் எழுதாத சட்டமும் ஒன்று உண்டு. பிரசிடெண்ட் வீட்டார் பஞ்சாயத்துக் கூலி வேலைக்கு வரக் கூடாது. வந்தால் ஊர் காறித் துப்பும். இதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

அப்போதைய பிரசிடெண்டுக்கு ஒண்ணரை ஏக்கர் மானாவாரி. யோக்கியன் என்று ஊரே கூடி நிறுத்திய மனிதர். எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், கடத்தூர் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் வேலை வந்தது. கூலியாட்கள் பேரை மஸ்டரில், அதாவது கூலிப் பட்டியலில், எழுதுவது கிளார்க்காகிய என் பொறுப்பு. ஒரு நாள் காலை பிரசிடெண்டின் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு கல்லுக்குழியில் வந்து நின்றார்.

"வூட்ல அடுப்பு பத்தவெச்சு மூணு நாளாச்சுங்க. அவருக்குத் தெரிய வாணாம். எம் பேர மட்டும் எழுதிராதீங்க."

நான் என்ன செய்தேன்? பெரிய புத்திசாலி மாதிரி, அந்த வருஷம் செத்துப்போன ஒருத்தியின் பேரை எழுதினேன். உயிரோடு இருப்பவள் என்றால் சண்டைக்கு வந்துவிடுவாளே! பன்னிரண்டு நாள் அந்த அம்மா கை கொப்பளிக்கக் கல் உடைத்தார். பட்டியலில் பிரசிடெண்ட் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

எந்தப் புண்ணியவானோ மொட்டைக் கடுதாசி போட்டான். அரூரிலிருந்து அதிகாரி வந்து விசாரித்தார். கூட்டத்தின் நடுவில் அந்த அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்.

"ஏம்மா, உங்க பேர்லயே வேலை செஞ்சிருக்கலாமே? அதுக்குச் சட்டத்துல தடையே இல்லையே" என்றார் அதிகாரி. அவர் என் பக்கம் திரும்பினார். "யார் சொல்லிய்யா செத்தவ பேரை எழுதின?"

"நாந்தானுங்க எழுதச் சொன்னேன்" என்றார் பிரசிடெண்ட். அந்த மனிதர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் வாயைத் திறக்கவில்லை. த்தூ, நானும் ஒரு மனுஷன்!

அவர் பதவி போயிற்று. யோக்கியன் என்ற ஊரே திருடன் என்றது. மறு வாரம் ஆள் எடுக்கும்போது புருஷனும் மனைவியும் வரிசையில் நின்றார்கள். இப்போது எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை.

"ரெண்டு பேரையும் எழுதுங்க கிளார்க்கு" என்றார் அவர். "சொந்தப் பேர்லயே எழுதுங்க."

முகத்தைப் பார்க்காமல் எழுதினேன்.